பின்னாலிருந்து எண்ணுகிறவன்

என் கணவருக்கு மற்றவர்கள் எழுதிய நிரல்களில் ஓட்டை தேடுவது வேலை. பிளாக்செயின் என்கிற பொதுக் கணக்கேட்டில் ஏற்றிவிட்ட நிரலை நினைத்தபோது கழற்றித் திருத்த முடியாது. அதன் பொறுப்பில் இருக்கும் பணம் போனால் போனதுதான். ஆகவே ஏற்றுவதற்கு முன்னால் விவரம் தெரிந்த ஒருவர் வரிவரியாகப் படித்துப் பார்க்க வேண்டும். அந்தச் செலவு சின்னக் குழுக்களுக்குக் கட்டுப்படியாகாது. அவர்களுக்காக ஓர் அறக்கட்டளை மானியம் தந்து, இவரைப் போன்றவர்களிடம் படிக்கக் கொடுக்கும்.

அந்த அறக்கட்டளைக்கு ஒரு வழக்கம் உண்டு. எழுதியவர் பெயர், குழுவின் பெயர், ஓரத்தில் எழுதிய குறிப்புகள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுத்தான் அனுப்புவார்கள். யாருடையது என்று படிக்கிறவருக்குத் தெரிந்துவிட்டால் உடனே திருப்பிவிட வேண்டும். பார்த்தது எதையும் யாரிடமும் சொல்லக் கூடாது. அடுத்தவர் புதுக் கண்ணோடு பார்க்க வேண்டுமாம்.

என் தம்பி டாக்சி ஓட்டுகிறவன். சவாரிகளுக்கு நடுவில், ஸ்டீயரிங்மேல் மடிக்கணினியைச் சாய்த்துவைத்து, தானாகவே நிரல் எழுதக் கற்றுக்கொண்டான். சந்தேகம் வந்தால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடுவான். நிரலில் ஒரு பட்டியல் வந்தால் எல்லோரும் முதலிலிருந்து எண்ணுவார்கள். இவன் மட்டும் கடைசியிலிருந்து தொடங்குவான்.

"உன் தம்பி சினிமாவையே கிளைமாக்ஸ்ல இருந்துதான் பாப்பான்" என்பார் இவர்.

"ரிவர்ஸ் எடுக்கத் தெரிஞ்சவன்தான் மாமா டிரைவர்" என்பான் அவன்.

அவனுடைய ஸ்டாண்டில் ஓட்டுகிறவர்கள் ஒவ்வொரு சவாரியிலும் கொஞ்சம் எடுத்துப் பொதுவில் போட்டுவைத்து, வண்டி படுத்துவிட்டால் அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு திட்டம் எழுதினான். அதை மட்டும் அவரிடம் காட்டவில்லை.

"மானியத்துக்குப் போட்டிருக்கேன் மாமா. உங்ககிட்டயே வந்துட்டா என்ன பண்றது?"

"எத்தனையோ பேர் இருக்கோம் மாப்ளே. என் தலையிலதான் எழுதியிருக்குமா?"

அவர் தலையில்தான் எழுதியிருந்தது. நடந்தது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். படிக்கத் தொடங்கிய அன்று காலையிலேயே ஓட்டையைப் பார்த்துவிட்டார். ஓர் உறுப்பினர் திட்டத்தை விட்டு விலகினால், நிரல் அவர் பங்கைக் கையில் கொடுத்துவிட்டு அதற்குப் பிறகுதான் கணக்கில் கழிக்கிறது. அந்த இடைவெளிக்குள் மறுபடி கேட்டால் மறுபடியும் கொடுக்கும். கெட்டிக்காரன் ஒருவன் கேட்டுக்கொண்டே இருந்தால் பொதுப் பெட்டியே காலி. இப்படி ஒன்று அகப்பட்டால் இவருக்கு உற்சாகம் பிறந்துவிடும். அந்த உற்சாகத்தோடு அடுத்த பகுதிக்குப் போனவர், உறுப்பினர் பட்டியலைக் கடைசியிலிருந்து எண்ணியிருப்பதைப் பார்த்தார். எல்லா இடத்திலும் அப்படியே. மதியத்துக்குள் திருப்பி அனுப்பிவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் தம்பி சாப்பிட வந்தான்.

"எவனோ ஒருத்தன் என்னோடதைத் திருப்பிட்டானாம்கா. காரணம் கிடையாதாம். சோம்பேறிப் பய."

"சோம்பேறியாத்தான் இருப்பான்" என்றார் இவர், தட்டைப் பார்த்துக்கொண்டு.

இரண்டாவதாகப் படித்தவர் குறை ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டார். தம்பி எல்லோரையும் டாக்சியில் ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டினான். மீட்டரைப் போட்டுவிட்டு, "மாமா மட்டும் காசு கொடுக்கணும்" என்று சிரித்தான். இவர் முன்சீட்டில் உம்மென்று உட்கார்ந்திருந்தார்.

"மாப்ளே, ஏத்துறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் நீயே இன்னொரு தடவை பாத்துரேன்."

"ஆடிட்டே முடிஞ்சிருச்சு மாமா. ஒரு நாளாவது வாத்தியார் வேலையை விடுங்களேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்த நிரலுக்கும் அவர் சொல்வதுதானே என்று இருந்துவிட்டேன்.

மழைக்காலம் முடிவதற்குள் பெட்டி காலியானது. எடுத்தவன் யார், எந்த நாட்டுக்காரன் என்று யாருக்கும் தெரியவில்லை. தம்பி எங்கள் வீட்டுக்கு வந்து மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். ஸ்டாண்டில் ஒருவரும் திட்டவில்லையாம். வண்டி எடுக்கப் போனால் பேச்சை நிறுத்திவிடுகிறார்களாம்.

இவர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"மாப்ளே, திருப்பி அனுப்பின ஆள் நான்தான்."

அவன் மெல்லத் தலையைத் தூக்கினான். "ஓட்டையப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு இதே மேசையில என்கூட உக்காந்து சாப்பிட்டீங்க."

"கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன்பா. அடுத்த ஆளு பாத்துருவான்னு நெனச்சேன். எனக்கே முதல் நாள்ல தெரிஞ்சுதே, அவனுக்குத் தெரியாதான்னு..."

"உங்களுக்கே! உங்க அடக்கம்தான் மாமா எங்க ஸ்டாண்டைக் கவுத்துடுச்சு."

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படி இறங்கிப் போனான்.

அதன்பிறகு என்னோடு ஃபோனில் மட்டும்தான் பேசினான். "அவர் இருக்காரா?" என்று முதலில் கேட்பான். இருக்கிறார் என்றால் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுவான். பக்கத்து அறையிலிருந்து இவர், "நல்லா இருக்கானா?" என்பார். நல்லா இருக்கான் என்பேன். திருப்புகிறவர் தான் பார்த்ததை மூன்றாம் ஆளிடமாவது ஒப்படைக்க வழி வேண்டும் என்று அறக்கட்டளைக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். பரிசீலிக்கிறோம் என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் மட்டும் அவருக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

ஒரு பிற்பகலில், வேலை செய்துகொண்டிருந்த நாற்காலியிலேயே அவருக்கு மாரடைப்பு வந்தது. தம்பி வந்து சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. மாடிப்படியின் அடியிலேயே வெகுநேரம் நின்றிருந்துவிட்டுத்தான் மேலே வந்தான்.

போன வாரம் மடிக்கணினியோடு வந்தான். ஸ்டாண்டில் சிலர் மறுபடி சேரச் சம்மதித்திருக்கிறார்களாம். மறுபடி மானியத்துக்குப் போடப் போகிறானாம். அவர் உட்காரும் பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தான். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் இரண்டு பேருக்கும் பின்னால் நின்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

"என்னடா, முன்னாலேர்ந்து எண்ணுற?"

"யார் கைக்குப் போனாலும் நான்னு தெரியக் கூடாதுக்கா."

கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தான். பிறகு திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்.

"அன்னிக்கே இப்படி எழுதியிருந்தா நான்னு மாமா கண்டுபிடிச்சிருப்பாரா?"

"மாட்டார்" என்றேன். "முழுசாப் படிச்சு, ஓட்டையையும் எழுதிக் கொடுத்திருப்பார்."

அவன் விரல்கள் நின்றுவிட்டன. நான் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.