ஸ்டாசே கோத்த சரம்

பனிக்காலத்தில் பக்கவாதம் வந்ததிலிருந்து ஸ்டாசேயின் வலது கை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஆனாலும் சிறு கண்ணாடி மணிகளை நூலில் கோக்கிற வேலையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அவள் கோப்பாள், வாந்தா பின்னுவாள். ஊர்ப் பாடகர் குழுவில் பாரம்பரிய உடையோடு பெண்கள் அணிகிற, மணி வைத்துப் பின்னிய கம்பளிக் கைப்பட்டைகள் எல்லாம் இந்தத் தோழிகள் இருவரின் கையிலிருந்து போனவைதான்.

"இதுல தப்பு இருந்தா மறைக்காம சொல்லிடு வாந்தா. அதோட ஊசியத் தூக்கிப் போட்டுட்டு ஜன்னலப் பாத்து உக்காந்துடறேன்" என்று சொல்லித்தான் மணி கோத்த கருஞ்சிவப்பு நூலுருண்டையைக் கொடுத்தாள்.

பின்னத் தொடங்குமுன் மணிகளையெல்லாம் நூலில் ஏற்றிவிட வேண்டும். கடைசி வரிசையின் மணி முதலில் ஏறும். பின்னலில் வரவேண்டிய நட்சத்திர வடிவம் தலைகீழாக அந்தச் சரத்துக்குள் படுத்திருக்கும்.

வாந்தா தன் வீட்டில் உட்கார்ந்து பின்னினாள். நட்சத்திரத்தின் முதல் முனையிலேயே வேண்டாத வெள்ளை மணி ஒன்று வந்து நின்றது. குறட்டை எடுத்து, நூலில் படாமல் அதை நொறுக்கினாள். சற்று நேரத்தில் இன்னொன்று. பிறகு இன்னும் மூன்று.

"கொட்டை உடைக்கறியா? எனக்கும் ரெண்டு குடு" என்றான் கணவன் யூர்கிஸ்.

"பல்லு இருக்கா உனக்கு?"

கூடுதலாக வந்ததை உடைத்துவிடலாம். ஆனால் நடுவில் வரவேண்டிய பச்சை மணி ஒன்று சரத்தில் இல்லை. நூலை அறுக்காமல் அதை இடையில் நுழைக்க வழியில்லை. வெகுநேரம் அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்லலாம். சொன்னால் ஸ்டாசே சொன்னதைச் செய்துவிடுவாள். அந்த இடத்தை வெறுமையாக விட்டுப் பின்னி முடித்தாள். பிறகு ஒரு பச்சை மணியைத் தைத்து, முடிச்சை உள்பக்கம் மறைத்தாள்.

மறுநாள் தன் வீட்டுக்கு வந்த வாந்தாவிடமிருந்து ஸ்டாசே கைப்பட்டையை வாங்கிக்கொண்டாள். முன்பக்கத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே இடது கட்டைவிரலை விட்டு மெல்ல நகர்த்தினாள். விரல் நின்றது.

"இது தையல் முடிச்சு."

வாந்தா எழுந்து போய் அடுப்பில் கொதித்த தண்ணீரை இறக்கி வைத்தாள்.

"ஒண்ணு விட்டிருக்கேன்னா அதிகமாவும் கோத்திருப்பேன். எத்தன உடைச்சே?"

"ஏதோ ஒண்ணு ரெண்டு."

"பொய் சொன்னா உனக்குக் காது செவக்கும். பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான். ஏன்டி சொல்லல?"

"நீ ஜன்னல் பக்கம் போய் உக்காந்துட்டா நான் யார்கிட்ட திட்டு வாங்கறது?"

ஸ்டாசே சிரித்தாள். உதட்டின் ஒரு பக்கம் மட்டும்தான் சிரித்தது. பிறகு முகம் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள். வெளியே லைலாக் பூக்கள் மழையில் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தன.

கடைசியில் ஸ்டாசே மணிக் கிண்ணத்தை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். இடது கையால் ஊசியைப் பிடித்து அடுத்த கைக்கான சரத்தைத் தொடங்கினாள். நெடுநேரம் கழித்து ஊசி நின்றது.

"இந்த எடத்துல பச்சை போட்டேனா இல்லையா? மறந்துடுச்சு."

வாந்தா எட்டிப் பார்க்கப் போனாள்.

"நீ பாக்காத. இன்னொண்ணு போட்டுடறேன். சந்தேகம் வர்ற எடத்துல எல்லாம் ஒண்ணு கூடவே இருக்கட்டும். அதிகமா இருந்தா நீ உடைச்சுக்கோ. குறடு மட்டும் நாளைக்கு மறக்காம எடுத்துட்டு வா."

வாந்தா தன் பையைத் திறந்து குறட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"கையோடயே கொண்டுட்டுத்தான் திரியறியா, கள்ளி!" என்ற ஸ்டாசே, பச்சை மணி ஒன்றை ஊசியில் ஏற்றினாள்.