தமயந்தியின் மைக்

சாந்த்ராகாச்சி ரயில்வே காலனியின் துர்கா பூஜைப் பந்தலில் மைக் என்றால் அது தமயந்தியின் கையில்தான் இருக்கும். அஷ்டமி காலையில் புஷ்பாஞ்சலிக்கு ஆட்களைக் கூப்பிடுவது, தொலைந்துபோன குழந்தையின் சட்டை நிறத்தைச் சொல்வது, பிரசாத வரிசையில் முண்டுகிறவர்களை அதட்டுவது எல்லாம் அவள் குரல்தான். அதுவும் சுத்தமான வங்காளத்தில். அப்பா ரயில்வே வேலைக்காக இங்கே வந்தவர். அவள் பிறந்து வளர்ந்ததே இந்தக் காலனியில். புதிதாகக் குடிவரும் வங்காளிகள் அந்தக் குரலைக் கேட்டுவிட்டு, "இந்தத் தீதிக்கு எந்த ஜில்லா?" என்று அக்கா முறை வைத்து விசாரிப்பார்கள். தமிழச்சி என்று தெரிந்ததும் அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். கர்வம்தான். அதில் ஒளித்துவைக்க என்ன இருக்கிறது?

அந்தக் குரலில்தான் தைராய்டு கை வைத்தது. உடம்பு சோர்ந்தது, முடி கொட்டியது, மே மாதப் புழுக்கத்தில்கூடப் போர்வை கேட்டது. ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்பு குறைவு என்று தெரிந்து மாத்திரை ஆரம்பித்தாள். மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள், தொண்டை கரகரத்துப்போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. டாக்டர் இரண்டு தடவை மாத்திரையின் அளவைக் கூட்டியும், சுரப்பு குறைந்தால் ரத்தத்தில் ஏறுகிற அந்த டி.எஸ்.எச். அளவு, இறங்குவேனா என்று உச்சியிலேயே உட்கார்ந்திருந்தது.

பூஜைக்கு மூன்று மாதம் முன்னால், ரத யாத்திரை அன்று பந்தலுக்குக் கால் நட்டார்கள். பூஜைக் கமிட்டிச் செயலாளர் தபன் அவளைத் தனியாகக் கூப்பிட்டான்.

"தீதி, இந்த வருஷம் நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்களேன். ஒரு பொண்ணோட குரலை ரெக்கார்ட் பண்ணி கம்ப்யூட்டர்ல ஓடவிட்டுடலாம்."

"பூஜைக்கு இன்னும் நாள் இருக்கு தபன். அதுவரைக்கும் என் மைக்கை யாரும் தொடக் கூடாது" என்று சொல்ல வந்தாள். பாதியில் குரல் உடைந்து காற்றுதான் வந்தது. தபன் மரியாதையாகத் தலையாட்டினான். அவன் சண்டை போட்டிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த வாரமே ஜாதவ்பூரில் தன் டாக்டர் சாதனாவின் முன்னால் மறுபடி போய் உட்கார்ந்தாள். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு வங்காளத்தில் கேட்டாள்.

"தீதி, மாத்திரையை நடுநடுவே மறந்துடறீங்களா?"

"நானா? ஒருநாள் விட்டதில்லை!"

"வெறும் வயித்துலதானே போடறீங்க?"

"டிபனுக்கு ரொம்ப முன்னாடியே போட்டுடறேன்."

"சரி, கண்ணு முழிச்சதுலேர்ந்து என்ன செய்யறீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க."

தமயந்தி பெருமையாகவே சொன்னாள். கணவர் சிவராஜ் ரயில்வே யார்டில் சரக்கு வேகன் பரிசோதிக்கிறவர். கல்யாணமான மறுநாளிலிருந்து, விடியுமுன் ஷிஃப்டுக்குக் கிளம்பும் அவசரத்திலும், லேக் மார்க்கெட் தமிழ்க் கடையில் வாங்கிய தூளில் தன் கையால் ஃபில்டர் காபி போட்டுப் படுக்கைக்கே கொண்டுவந்து கொடுப்பார். எந்த வங்காளிப் புருஷன் செய்வான்? "அந்தக் காபியிலேயே தைராய்டு மாத்திரை, முட்டிவலிக்கு வேற டாக்டர் குடுத்த கால்சியம், ரெண்டையும் சேர்த்து முழுங்கிடுவேன்."

டாக்டரின் பேனா நின்றது. "காபியிலயா?"

"காபி என்ன சாப்பாடா டாக்டர்?"

அவளுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. சிவராஜின் சொந்த ஊரான ஜோலார்பேட்டையிலிருந்து இந்த சாந்த்ராகாச்சி வரை, எந்தத் தமிழ் வீட்டில் காலைக் காபியைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள்?

டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. காபியும் கால்சியமும் தைராய்டு மாத்திரையை உடம்பில் சேரவிடாது என்றாள். இனிமேல் மாத்திரை பச்சைத் தண்ணீரில். ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. கால்சியம் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு. இப்போதைக்கு மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டாம், ஒன்றரை மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தால் போதும்.

சிவராஜிடம் சொன்னதும் அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"அப்ப இத்தனை நாளா நான்தான் உன் மருந்தைக் கெடுத்தேனா?"

"நீங்க என்னங்க பண்ணுவீங்க? காபியில போட்டது நான். இனிமே நீங்க டூட்டிக்குப் போனப்புறம் நானே காபி போட்டுக்கறேன்."

அது அவருக்கு இன்னும் வலித்தது. ஃபில்டரைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாள் இருட்டோடு யாரோ தோளைத் தட்டினார்கள். சிவராஜ்தான். ஒரு கையில் தம்ளர் நிறையத் தண்ணீர், இன்னொரு உள்ளங்கையில் மாத்திரை.

"முழுங்கிட்டுப் படு. காபிக்கு எழுப்பறேன்."

"உங்க தூக்கம்?"

"அது கிடக்குது. என் காபியை நீ போடுவியா? நல்லா இருக்கே கதை!"

அன்றிலிருந்து அதுதான் வழக்கமாயிற்று. ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து தண்ணீரும் மாத்திரையும் கொடுப்பார், அப்புறம் காபி. நைட் டூட்டி என்றால் மாத்திரை நேரத்துக்கு யார்டிலிருந்து போன் வரும். ராத்திரிக் கால்சியமும் அவர் பொறுப்புக்கே போயிற்று. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்க்கவில்லை, அதுதான் பாக்கி.

மழைக்காலம் முடிவதற்குள் டி.எஸ்.எச். சொன்ன பேச்சு கேட்க ஆரம்பித்தது. மாத்திரையின் அளவையே இனிக் குறைக்கலாம் என்றாள் டாக்டர். தமயந்திக்கு அந்த ரிப்போர்ட் தேவையே இருக்கவில்லை. முந்தின நாள்தான் மூன்றாம் மாடியிலிருந்து மீன்காரனைக் கூப்பிட்டிருந்தாள். தெருமுனை தாண்டிப் போனவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தான். கீழே நின்ற தபனும் நிமிர்ந்து பார்த்தான். கம்ப்யூட்டர்க் குரலைப் பற்றி அவன் அப்புறம் மூச்சு விடவில்லை.

அஷ்டமி காலையில் புஷ்பாஞ்சலி முடியும்வரை விரதம். மாத்திரையும் தண்ணீரும் மட்டும் உள்ளே போயிருந்தது. "பக்தர்களே, அஞ்சலி தொடங்கப்போகிறது, கையில் பூ வாங்கிக்கொள்ளுங்கள்" என்று அவள் வங்காளத்தில் சொன்னதும், பந்தலுக்கு வெளியே பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட வாயை மூடினார்கள். கரகரப்பு எங்கே போயிற்றோ! கணீரென்று வந்தது. அவள் கண் நிறைந்துவிட்டது, ஆனாலும் குரல் அசையவில்லை.

அஞ்சலி முடிந்து நிமிர்ந்தால், கூட்டத்தின் கடைசியில் சிவராஜ். டூட்டிச் சட்டையோடு, ஃபிளாஸ்கை நெஞ்சில் அணைத்துக்கொண்டு, உள்ளே வர வழி தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

இத்தனை வருடத்தில் அந்த மைக்கில் அவள் ஒரு வார்த்தை தமிழ் பேசியதில்லை. இப்போது மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"ஃபிளாஸ்கோட நிக்கற சிவராஜ் உடனே மேடைகிட்ட வரவும். தொலைஞ்சுபோன குரல் கிடைச்சாச்சு, மீட்டுக் குடுத்த நீங்களே வந்து வாங்கிட்டுப் போங்க. அப்படியே அந்தக் காபியையும் குடுங்க."

மொழி புரியாத கூட்டமும் அவள் கை காட்டிய பக்கம் திரும்பி வழி விட்டது. சிவராஜ் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, ஊர்வலத்தில் வரும் மாப்பிள்ளையைப் போல நடந்து வந்தார்.