இரண்டாவது ஆள்

றீற்றா அந்தப் பந்தியை மூன்றாம் முறையாக வாசித்து முடித்தபோது மதிய இடைவேளை முடிய இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. கையிலிருந்தது உள்ளங்கை அளவுப் புத்தகம். உதைபந்தாட்டச் சட்டங்களை ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். பதினோராவது சட்டம் ஒரு பக்கம்கூட இல்லை. அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் வளர்ந்த ஆம்பிளைகள் ஒருவரை ஒருவர் சட்டையில் பிடிக்கிறார்கள் என்பது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. பந்து உதைபடுகிற கணத்தில் அதைவிட முன்னால் நிற்கிற ஒருவனுக்கும் எதிரணியின் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணி ஆட்கள் இரண்டு பேராவது நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஓஃப்சைட். பந்து வந்து சேருகிற நேரத்தில் அவன் எங்கே நிற்கிறான் என்பது கணக்கில்லை. அவ்வளவுதான் விஷயம். அவள் புத்தகத்தை ஏப்ரனின் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பவும் பெல்ற்றுக்கு முன்னால் போய் நின்றாள். அங்கே நாள் முழுக்க பற்பசைக் குழாய்களின் வெள்ளை மூடிகள் ஓடிக்கொண்டிருக்கும். நெளிந்ததையும் வெடித்ததையும் பொறுக்கி எடுப்பது அவளுடைய வேலை. மூன்று வருடமாக அதைத்தான் செய்கிறாள்.

பேசாலையிலிருந்து வெளிநாட்டுக்கு வந்து, வோபர்னில் ஒரு அடுக்குமாடியின் ஆறாம் தட்டில் அவளும் தம்பி அல்பேட்டும் இருந்தார்கள். அல்பேட்டுக்கு இருபத்தைந்து வயது. கடலலை விளையாட்டுக் கழகத்தின் முன்கள வீரன். ஓட வெளிக்கிட்டால் பிடிக்க ஆள் இல்லை. அவனுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போகத் தொடங்கியவள்தான் றீற்றா. ஓஃப்சைட் என்றால் என்னவென்று முதலில் அவனிடம்தான் கேட்டாள்.

"கோலிக்கு முன்னால தனிய நிண்டா ஓஃப்சைட்."

"கடைசி ஆளுக்குச் சமனா நிண்டா?"

"சமனெண்டா பிரச்சினை இல்லை அக்கா."

புத்தகம் கிடைத்த பிறகு அவள் அதை விடவில்லை. "ரெண்டு பேர் உன்னைவிடக் கோட்டுக்குக் கிட்ட நிக்கவேணும் எண்டு கிடக்கு. சமனா நிக்கிறவன் கிட்ட நிக்கிறவன் இல்லையே. அப்ப சமனும் ஓஃப்சைட்தான்."

"ஊரில ஒருத்தரும் இப்பிடிப் பாக்கிறேல்லை."

"ஊரில ஒருத்தரும் இதை வாசிச்சிருக்க மாட்டினம்."

புத்தகத்தைக் கொடுத்தவர் தியாகலிங்கம். மட்டக்களப்புக்காரர், தபால் பிரிக்கிற இடத்தில் வேலை. மத்தியஸ்தர் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியவர் தமிழ்க் கழகங்களுக்குள் அவர் ஒருவர்தான். கோட்டுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருக்கிற இந்தப் பெண், கொடி பிடிக்கிறவன் கையைத் தூக்குவதற்கு அரைச் செக்கன் முந்தியே "ஓஃப்சைட்" என்று தனக்குள் சொல்வதை அவர் இரண்டு மூன்று ஞாயிறு கவனித்திருக்கிறார். கொடி பிடிக்க எப்போதும் ஆள் தட்டுப்பாடு. வருகிறவனும் ஏதாவது ஒரு கழகத்தின் ஆளாக இருப்பான். எண்பத்தேழாம் ஆண்டு யூன் மாதம் ஒரு நாள் அவர் வந்து மஞ்சள் கொடியை அவளிடம் நீட்டினார். அவள் யோசிக்கவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓடினாள். அடுத்த ஞாயிறு சப்பாத்து வாங்கியிருந்தாள்.

ஆரம்பத்தில் சிரித்தார்கள். பிறகு சத்தம் போட்டார்கள். யூலை முடியும்போது, அவள் கொடியைத் தூக்கினால் திரும்பி நடக்கப் பழகிவிட்டார்கள். தன்னைப் பற்றி இதுவரை தெரியாத ஒன்றை றீற்றா தெரிந்துகொண்டாள். இருபது பேர் ஓடுகிற புல்வெளியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு முன்னும் பின்னுமாக நகர்கிறது. அதை அவளால் பார்க்க முடிந்தது. வேறு எந்த இடத்திலும் அவள் சொன்ன சொல்லுக்கு ஆட்கள் நின்றதில்லை.

செப்ரெம்பர் முதல் ஞாயிறு இறுதி ஆட்டம். கடலலையும் கிழக்குக்கரை ஐக்கியமும். ஆட்டம் தொடங்க முதலே கிழக்குக்கரையின் மனேஜர் விநாயகமூர்த்தி தியாகலிங்கத்திடம் வந்துவிட்டார்.

"தம்பி விளையாடக்குள்ள அக்கா கொடி பிடிக்கிறதோ? இது என்ன நியாயம்?"

"எட்டு மெச் புடிச்ச புள்ள. ஒரு பிழை சொல்லுங்க பாப்பம்," என்றார் தியாகலிங்கம்.

"பிழை இனித்தான் வரும்."

அதைச் சொன்னபோது விநாயகமூர்த்தி அவளைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. றீற்றா கொடியின் தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தன்னுடைய பக்கத்துக்கு நடந்தாள். கொடியைத் தராமல் விட்டிருந்தால் நல்லது என்று ஒரு நினைப்பு வந்தது. தந்தபிறகு விட்டுக்கொடுக்கவும் மனம் இல்லை.

இடைவேளைக்குப் பிறகு கடலலை அவளுடைய பக்கத்துக் கோலை நோக்கித் தாக்கியது. கிழக்குக்கரை ஒன்றுக்கு பூச்சியம் என்று முன்னால் இருந்தது. ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது கடலலைக்கு ஒரு மூலை உதை கிடைத்தது. பந்து கூட்டத்துக்கு மேலாக வந்தது. கிழக்குக்கரையின் நான்காம் இலக்கக்காரன் பாய்ந்து தலையால் அடித்து வெளியே தள்ளிவிட்டு தூரத்துக் கம்பத்தடியில் விழுந்தான். பந்து நடு மைதானத்துக்குப் போனது. கிழக்குக்கரைப் பின்களம் ஒரே கத்தலோடு முன்னால் ஓடியது. றீற்றாவும் அவர்களோடு சமனாகக் கோட்டோரம் ஓடினாள். கடலலை ஆள் ஒருவன் பந்தை மறித்து அப்படியே திருப்பி உதைத்தான். அந்தக் கணத்தில் அல்பேட் எல்லோரையும் கடந்து தனியாக நின்றதை அவள் கண்டாள். கொடி மேலே போய்விட்டது.

அல்பேட் பந்தை நெஞ்சில் வாங்கி, கோலியை ஏமாற்றி உள்ளே தட்டினான். விசில் ஊதியது. அவன் இரண்டு கைகளையும் விரித்தபடி திரும்பினான், கொடியைக் கண்டான், கைகள் இறங்கின. அப்போதுதான் அவனுக்குப் பின்னால், தூரத்துக் கம்பத்துக்குப் பக்கத்தில், நான்காம் இலக்கக்காரன் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழும்புவதை றீற்றா கண்டாள். அவன் கோல் கோட்டுக்கு உள்ளே, மைதானத்துக்குள்தான் கிடந்திருக்கிறான். கோலி ஒன்று. அவன் இரண்டு.

மற்றக் கோடியிலிருந்து கடலலையின் கோலி பஸ்ரியன் கத்திக்கொண்டு ஓடி வந்தான். "அங்கை ஒருத்தன் விழுந்து கிடந்தவன்! நான் நேர பாத்துக்கொண்டு நிண்டனான்!" வேறு யாரும் அதைக் கண்டிருக்கவில்லை. எல்லோரும் பந்தைத்தான் பார்த்திருந்தார்கள். நான்காம் இலக்கக்காரனோ எழும்பி மற்றவர்களோடு கலந்துவிட்டான். கோட்டுக்கு வெளியே விநாயகமூர்த்தி கை தட்டிக்கொண்டிருந்தார்.

தியாகலிங்கம் அவளிடம் ஓடி வந்தார். தனி உதை இன்னும் எடுக்கவில்லை. எடுக்கும்வரை தீர்ப்பை மாற்றலாம். அதுவும் அந்தச் சின்னப் புத்தகத்தில் இருக்கிறது.

"புள்ள, சரிதானே?"

இல்லை அண்ணை, நான் அவனைக் காணேல்லை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த மூச்சுக்குள் அவளுக்கு எல்லாம் தெரிந்தது. இப்போது கொடியை இறக்கினால், தம்பிக்காக இறக்கினாள் என்பார்கள். எட்டு ஆட்டமும் இந்த ஒன்றுக்குள் போய்விடும். விநாயகமூர்த்தி சொன்னது சரி என்றாகிவிடும். றீற்றா தலையை ஆட்டினாள். "ஓம் அண்ணை."

ஆட்டம் அந்த ஒரு கோலோடு முடிந்தது.

பரிசு கொடுக்கும்போது விநாயகமூர்த்தி ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நீண்ட நேரம் பேசினார். சொந்தத் தம்பியென்றும் பாராமல் நீதியாக நின்ற சகோதரி என்றார். தான் சந்தேகப்பட்டதற்குச் சபையில் மன்னிப்புக் கேட்டார். அவர் மனம் திறந்துதான் பேசினார், அது பார்த்தால் தெரிந்தது. அவளுக்கு ஒரு சுடுதண்ணீர்ப் போத்தலைப் பரிசாகக் கொடுத்தார்கள். எல்லோரும் எழும்பிக் கை தட்டினார்கள். தோற்ற அணியின் வரிசையில் அல்பேட்டும் கை தட்டிக்கொண்டு நின்றான்.

அதோடு முடிந்திருந்தால் றீற்றா ஒருவேளை பேசாமல் இருந்திருப்பாள். அடுத்த வியாழக்கிழமை பயிற்சிக்குப் போன அல்பேட் அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தான். வலது கையின் விரல் மொளி தோலுரிந்திருந்தது.

"என்னடா இது?"

"பஸ்ரியனுக்கு ஒண்டு குடுத்தனான். நீ கள்ளம் விட்டதெண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லுறான். அக்கா ஓஃப்சைட் எண்டா ஓஃப்சைட்தான் எண்டு சொன்னன். கேக்கேல்லை. இனி நான் அங்கை போகேல்லை."

"அவனுக்குக் காயமோ?"

"சொண்டு வெடிச்சிட்டுது." பிறகு அவன் குசினிக்குள் போய், ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு ரீவிக்கு முன்னால் இருந்தான்.

அந்தக் கிழமை முழுக்க பெல்ற்றில் ஓடிய மூடிகளில் எத்தனையைத் தவற விட்டாள் என்று அவளுக்கே தெரியாது. சுப்பவைசர் இரண்டு தரம் வந்து பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனாள். அவளைக் குடைந்தது நான்காம் இலக்கக்காரனைக் காணாமல் விட்டது அல்ல. கண் ஒருநாள் பிழைக்கும். அந்த மஞ்சள் துணி மேலே போனது அல்பேட் என்பதாலேயோ என்பதுதான் அவளைக் குடைந்தது. வேறு ஒருவன் என்றால், ஒருக்கால் திரும்பிக் கோல் வாசலைப் பார்த்துவிட்டுத்தான் தூக்கியிருப்பாளோ? தலையாட்டியது ஏன் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை தியாகலிங்கத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். அவர் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"விசில் ஊதினது நான், புள்ள. பேரும் என்ட பேர்தான். மெச்சத் திருப்பி வைக்கேலா. முடிஞ்சது முடிஞ்சதுதான்."

"அது தெரியும் அண்ணை. நீங்கள் கேட்டனீங்கள், நான் பொய் சொன்னனான். அதைச் சொல்லத்தான் எடுத்தனான்."

"அத எனக்குச் சொல்லிட்டீங்க. மத்த ஆக்களுக்குச் சொல்லுறது உங்கட விருப்பம்," என்று சொல்லி அவர் தொலைபேசியை வைத்தார். அடுத்த ஆட்டத்துக்கு வரச் சொல்லவில்லை. வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் சோறு போட்டுக் கொடுத்துவிட்டு அல்பேட்டிடம் சொன்னாள். அவன் சாப்பிடுகிற கையை நிறுத்தினான்.

"எங்கை கிடந்தவன்?"

"தூரத்துக் கம்பத்தடியில. கோட்டுக்கு உள்ள."

"எப்ப கண்டனீ?"

"கொடி தூக்கின பிறகு. தியாகலிங்கண்ணை வந்து கேக்க முதல்."

அவன் அதைத் தன் மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது தெரிந்தது. கண் சுவரில் நின்றது. "அப்ப அது கோல்," என்றான். கொஞ்சம் பொறுத்து, "என்ரை கோல்." சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனான். இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. அவள் சமைத்ததைச் சாப்பிட்டான், தன்னுடைய கோப்பையைத் தானே கழுவி வைத்தான். அவன் கத்தியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் வேலைக்குப் போக வெளிக்கிடும்போது வாசலில் நின்று சொன்னான். "நான் உனக்காண்டி ஒருத்தன்ரை சொண்டை உடைச்சனான். அவன் சொன்னது உண்மை. நீதான் வந்து சொல்லவேணும். நான் சொல்லமாட்டன்."

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் இரண்டு பேருமாகப் போனார்கள். மார்க்கம் றோட்டோரத்து மைதானம். இருட்டுவதற்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. புல்லில் வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. பெடியள் கழற்றிப் போட்ட சேட்டுகளைக் குவித்துக் கோல் கம்பம் வைத்திருந்தார்கள். அவர்களைக் கண்டதும் பந்து நின்றது. பஸ்ரியன் உதட்டில் காய்ந்த காயத்தோடு முன்னால் வந்தான். இருபத்திரண்டு வயதிருக்கும், உயரமான பெடியன். வழமையாக றீற்றாவின் சாப்பாட்டுப் பெட்டியில் முதலில் கை வைக்கிறவன்.

அவள் ஒன்றையும் சுற்றி வளைக்கவில்லை. விழுந்தவனை முதலில் காணவில்லை என்றாள். பிறகு கண்டேன், மத்தியஸ்தர் கேட்டபோது மறைத்தேன் என்றாள். தம்பிக்காக மாற்றினேன் என்று சொல்லுவார்களே என்று பயந்தேன் என்றும் சொன்னாள். சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

ஒருவன் தூஷணம் சொல்லிவிட்டுத் தள்ளிப் போனான். மற்றவர்கள் பஸ்ரியனைப் பார்த்தார்கள்.

"காணாமல் விட்டதுக்கு நான் கோவிக்கேல்லை அக்கா," என்றான் அவன். "நான் கத்திக்கொண்டு ஓடி வரேக்க நீங்கள் என்ரை முகத்தைப் பாத்தனீங்கள். பாத்துப்போட்டுத்தான் தலையாட்டினனீங்கள்."

"ஓம்," என்றாள் றீற்றா.

அல்பேட் பஸ்ரியனுக்கு முன்னால் போய் நின்றான். என்ன சொன்னான் என்று அவளுக்குக் கேட்கவில்லை. பஸ்ரியன் பந்தை அவனுடைய வயிற்றில் எறிந்தான், கொஞ்சம் பலமாகவே. அல்பேட் அதைப் பிடித்தான். பிறகு இரண்டு பேரும் மற்றவர்களை நோக்கி நடந்தார்கள். யாரும் றீற்றாவை நிற்கச் சொல்லவில்லை.

அவள் றோட்டைக் கடந்து பஸ் தரிப்பில் போய் நின்றாள். வேலை சப்பாத்து காலை நெரித்தது. கிழக்கே ஒஷாவா பக்கமாக இருந்த வானம் கறுக்கத் தொடங்கியிருந்தது, மழை வரலாம். நாளைக்கு வெள்ளி, சம்பளம், வாங்க வேண்டிய சாமான் என்று நினைவு எங்கெங்கோ போனது. தெற்கே பஸ் திரும்பி வருவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் மைதானத்தில் கூச்சல் கிளம்பியது. திரும்பினாள். பந்து சேட்டுக் குவியல்களுக்கு அப்பால் உருண்டு போய்க்கொண்டிருந்தது. ஒரு வாத்து பறந்து தள்ளி இறங்கியது. அல்பேட் கையை விரித்துக்கொண்டு நின்றான். பஸ்ரியன் காலடியில் ஒரு இடத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினான். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பிறகு யாரோ ஒருவன் றோட்டுப் பக்கம் பார்த்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். கடைசியில் பஸ்ரியனும் திரும்பினான், கத்திக் கேட்டான்.

"றீற்றாக்கா! ஓஃப்சைட்டோ?"

பஸ் வந்து நின்று கதவைத் திறந்தது. றீற்றா ஒரு காலைப் படியில் வைத்தபடி, வாயைச் சுற்றிக் கைகளைக் குவித்து, றோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"நான் பாக்கேல்லையடா!"

சாரதி கையை ஸ்ரியரிங்கில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். அந்தப் பக்கம் பதினைந்து பேர் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.