மழையில் நிற்கும் கிகுனோ

முப்பது வருடமாக கிகுனோ படகுத்துறையில், கொட்டுகிற மழையில் நின்றுகொண்டிருந்தாள். நிறுத்தி வைத்தவள் அவளைப் படைத்த நாவலாசிரியை ஃபுமியே. தொடர்கதை வந்துகொண்டிருந்த பத்திரிகையைத் திடீரென்று இழுத்து மூடிவிட்டார்கள். கடைசி அத்தியாயம் எழுதப்படவே இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

விட்கோம்ப் என்ற வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது போதவில்லை. நாவலை மொழிபெயர்த்தார். முடியாத அந்த முடிவில் ஜப்பானிய ஆன்மாவையே கண்டுபிடித்து, அதைப் பற்றி எழுதி எழுதியே பதவியும் பட்டமும் வாங்கினார். வெளிநாட்டான் மெச்சிய பிறகுதான் உள்ளூரில் ஃபுமியேவைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த எரிச்சல் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது புதிய பதிப்பு வரப்போகிறது. ஃபுமியே கடைசி அத்தியாயத்தை எழுதி முடித்துவிட்டாள். கிகுனோ படகேறி, அக்கா வீட்டுக்குப் போய், துணி மாற்றி, வயிறாரச் சாப்பிடுகிறாள். எழுதும்போது ஃபுமியே அழுதேவிட்டாள்.

பதிப்பாசிரியர் குராமிட்சுவோடு அவளுடைய கியோத்தோ வீட்டுக்கு வந்த பேராசிரியர், அத்தியாயத்தைப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இது வேணாம்மா. ஜப்பானிய மனசு எதையும் முடிச்சு வைக்காது."

"நானும் ஜப்பான்காரிதாங்க. எனக்கு முடிக்கணும்போல இருக்கே."

"அது உங்களுக்குத் தோணுது. உங்க எழுத்துக்குத் தோணல."

"பாவங்க அவ. முப்பது வருஷமா நனையறா."

"அந்த நனையறதுதான் அழகே!"

குராமிட்சு கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அம்மா, ஐயா வேணாம்னா வெளிநாட்டுல போகாது. அங்க போகலன்னா இங்கயும்..." என்று இழுத்தார்.

ஃபுமியேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புன்னகை மாறாமல், "ஒரு கிண்ணம் தேநீர் ஊத்தின சோறு சாப்பிடறீங்களா?" என்றாள். கியோத்தோவில் விருந்தாளியைக் கிளப்ப இதைவிட மரியாதையான வழி கிடையாது. குராமிட்சு துள்ளி எழுந்து விடைபெறக் குனிந்தார். ஜப்பானியர் வாய்விட்டுச் சொல்லாததைப் பற்றி எழுநூறு பக்கம் எழுதிய பேராசிரியரோ, "ஆகா, பேஷா!" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

வேறு வழியில்லாமல் கொண்டுவந்து வைத்தாள். ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, ஈரக் கிண்ணத்தை அத்தியாயத்தின்மேலேயே வைத்தார். கிகுனோ படகேறும் வரிகளில் மை கரைந்தது.

"அப்போ என் பேரை எடுத்துடுங்க," என்றாள் ஃபுமியே. குராமிட்சுவைப் பார்த்தாள். "புஸ்தகம் அவரோடதுன்னே போட்டுக்கங்க."

குராமிட்சு திடுக்கிட்டார். பிறகு கொஞ்சம் யோசித்தார். பிறகு பேராசிரியர் பக்கம் திரும்பி, பணிவாகக் கேட்டார்:

"ஐயா, அட்டையில உங்க பேரை எவ்வளவு பெருசா போடலாம்?"