திட்டு விழாத ஆட்டம்

லூர்துராஜ் சாரின் தொண்டை அந்த மிஷன் பள்ளிக்கூடத்து மணியைவிடப் பெரிது. மைதானத்துக் கோட்டோரம் நின்று "ஏறு! எறங்கு! ஃபர்ஹா, வலது பக்கம் போடு!" என்று அவர் கத்தினால், வெளியே பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். பதினெட்டு வருஷமாகப் பெண்கள் கால்பந்து அணியை அப்படித்தான் நடத்திவந்தார். கோப்பைகளும் வந்துகொண்டிருந்ததால் அவர் வாயை அடைக்க யாருக்கும் தைரியமில்லை.

அடைத்தது டாக்டர்தான். மூன்று மாதமாகத் தீராத கரகரப்பைச் சோதித்துவிட்டுப் புற்று என்றார். குரல்வளையை எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை, பேச்சு போய்விடும். ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்று. மனைவி ஆனிமேரியைத் தவிர யாரிடமும் அவர் சொல்லவில்லை.

மறுநாள் பயிற்சியில் வலி தாங்காமல் ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு நின்றார். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. பந்து எவள் காலுக்குப் போனாலும் அவள் உடனே இவர் முகத்தைப் பார்த்தாள். யார் தனியாக நிற்கிறாள், எந்தப் பக்கம் காலியாகக் கிடக்கிறது, ஒருத்தியும் பார்க்கவில்லை. இத்தனை வருஷமும் ஆட்டத்தைச் சொல்லித்தரவில்லை, பதினோரு பேருக்கும் சேர்த்துத் தானே ஆடியிருக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. நோயைவிட அதுதான் அதிகமாக வலித்தது.

கையில் மூன்று வாரம் இருந்தது. ஃபர்ஹாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று விரல்களைக் காட்டுவார். பந்து தன்னிடம் வந்து சேருமுன் அவள் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். அப்புறம் ஷெரின், அப்புறம் பவதாரிணி. கழுத்து சுளுக்கிக்கொண்டது என்று முனகினார்கள். சாருக்கு என்னமோ ஆகிவிட்டது என்றும் பேசிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை பேரையூர் அணியோடு அரையிறுதி. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். என்ன நடந்தாலும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவுகட்டிக்கொண்டு லூர்துராஜ் பெஞ்சில் உட்கார்ந்தார்.

அணிக்கு ஒரு கோல். முடிய நான்கு நிமிடம் இருக்கையில் நடுவில் ஃபர்ஹாவிடம் பந்து வந்தது. வலப்பக்கம் பவதாரிணி கையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவளுக்குப் போடு என்ற கத்தல் அவர் தொண்டை வரை வந்துவிட்டது. ஃபர்ஹாவோ பந்தைப் பின்னால், கோல் காக்கும் ரூத்துக்குத் தள்ளினாள். போச்சு, எல்லாம் போச்சு என்று அவர் தலையில் கைவைத்தார்.

பேரையூர்ப் பிள்ளைகள் மொத்தமும் வலப்பக்கம் குவிந்திருந்தார்கள். ரூத் இடப்பக்கம் தூக்கி அடித்தாள். அங்கே ஷெரின் தன்னந்தனியாக நின்றிருந்தாள். அதை ஃபர்ஹா பார்த்திருந்தாள், அவர் பார்க்கவில்லை. ஷெரின் அடித்த பந்து வலைக்குள் விழுந்தது.

விசில் ஊதியதும் கூத்தாடிக்கொண்டு ஓடி வந்தவர்கள், அவர் கண் கலங்கியிருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள்.

"தப்பு ஏதும் பண்ணிட்டமா சார்?" என்றாள் ஃபர்ஹா. "ஆட்டம் பூரா ஒரு திட்டுகூட விழலையே."

"நான் சொல்ல நெனச்சது தப்பும்மா. நீ பாத்து ஆடுன." குரல் பாதியில் உடைந்தது. "செவ்வாக்கெழம தொண்டையில ஆபரேஷன். அதுக்கப்புறம் எனக்குப் பேச்சு வராது."

ஃபர்ஹா முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அப்ப எங்கள ஒருக்கா திட்டிட்டுப் போங்க சார். எப்பவும் போல."

லூர்துராஜ் அவர்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். எவ்வளவு தேடியும் அன்றைய ஆட்டத்தில் திட்ட ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் ரூத்தின் அவிழ்ந்த பூட்ஸைப் பார்த்து, இருந்த குரலையெல்லாம் கூட்டிக் கத்தினார்.

"ஏய் ரூத்து! லேஸக் கட்டு!"

ரூத் சட்டென்று குனிந்தாள். கட்டி முடித்த பிறகும் அவள் நிமிரவில்லை.