பத்தாயிரம் என்ற இரண்டு படகுகள்

1

மூன்றாவது தடவையாக எழில்மதி 01E4 என்று தட்டினாள். மூன்றாவது தடவையும் திரையில் இரண்டு படகு.

போனில் மீட்பு மையத்துக்காரர். "ஆபத்துக் கருவி கத்திக்கிட்டே இருக்கு. இடம் சரியா காட்டலை. எந்தப் படகுன்னு சொன்னாத்தான் எந்தப் பக்கம் தேடுறதுன்னு தெரியும்."

"ரெண்டு காட்டுதுங்க."

"கருவிக்கு ஒரு நம்பர்தானேம்மா?"

"நேத்து வரைக்கும் ஒண்ணுதாங்க."

(இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் எழில்மதியேதான், காரைக்காலில், அவள் வேலை பார்க்கும் மீனவர் சங்க அலுவலகத்தில். ஒரே நிபந்தனை: "சொன்னது சொன்னபடி இருக்கணும். நீங்களா ஊகிச்சு மாத்தாதீங்க." தொடர்கதைக்காரனிடம் இப்படியா கேட்பது?)

2

நான் முதலில் எழுதியது: 'கடல் கொந்தளித்தது. மின்னல் வானத்தைக் கிழி...'

வேண்டாம். அன்று நல்ல வெயில். பகல் பதினொரு மணி.

சங்கத்துப் படகுகளின் எக்செல் பட்டியலில் கருவி எண் வரிசையை 'எழுத்து' வகை என்று வைத்தவள் எழில்மதி. செயலாளர் தங்கப்பன் அப்போதே சீண்டினார். "நம்பரைப் போயி எழுத்துங்கிறியே, படிச்ச புள்ளதானே நீ?"

"கூட்டிப் பாக்கவா போறோம் சார்? கூப்பிடத்தானே."

முந்தின நாள் பட்டியல் புதுத் தரவுத்தளத்துக்கு ஏறியது. ஏற்றிய மென்பொருள் அவள் வைத்த வகையைச் சட்டை செய்யவில்லை. முதல் நூறு வரியைப் பார்த்தது. எல்லாம் வெறும் இலக்கம். சரி, எண்தான் என்று தானே முடிவு கட்டிவிட்டது.*

* எண் என்று வைத்துக்கொண்டால் 'E' என்பது சைபர் சேர்க்கும் குறி. திரையில் வந்த இன்னொரு படகின் கருவி எண் 10E3; அப்படியென்றால் பத்துக்குப் பின்னால் மூன்று சைபர். 01E4 என்றால் ஒன்றுக்குப் பின்னால் நான்கு. இரண்டும் பத்தாயிரம். தேடத் தட்டும் 01E4-உம் அதே பத்தாயிரமாகிவிடும்.

பழைய பட்டியல்? தங்கப்பன் அழித்துவிட்டார். "ரெண்டு எடத்துல இருந்தா கொழப்பம்மா."

3

திரையில் இருந்த பெயர்கள்: கோட்டுச்சேரிமேடு காத்தமுத்து, வடக்கே போனவர். கருக்களாச்சேரி செம்பியன், தெற்கே. ஒவ்வொரு படகிலும் ஐந்து பேர். இரண்டு போனும் எடுக்கவில்லை. மீட்புப் படகு ஒன்றுதான்.

இந்த இடத்தில் தங்கப்பனை வில்லனாக்கப் பார்த்தேன். ஆள் அதற்குச் சரிப்படவில்லை. பக்கத்தில் நின்று தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

முடிவு அ: வடக்கே போகிறார்கள், படகு அங்கே இல்லை. முடிவு ஆ: தெற்கே போய்...

எழில்மதி நான்காவது தடவை தட்டவில்லை. "தெக்கால போகச் சொல்லுங்க."

"எப்படிம்மா சொல்றீங்க?"

படகு கிடைத்ததா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மீட்பு மையத்துக்காரர் கேட்டதற்கு மட்டும் நான் பதில் சொல்ல வேண்டும்.

4

செம்பியன் எழில்மதியின் வீட்டுக்காரர். அந்தக் கருவியில் சிவப்புப் பெயிண்டால் 01E4 என்று எழுதியவளே அவள்தான். முதல் தடவை தட்டும்போதே தெரியும். இன்னும் இரண்டு தடவை தட்டிப் பார்த்தது, பக்கத்தில் காத்தமுத்து பெயரும் வருகிறதே, அவர் படகாக இருந்துவிடாதா என்றுதான்.