ஹாஃப்ஸ்டட் நிலையத்தின் கடைசி மரண அறிவிப்பு

லார்ச்ஃபோர்டு வானொலியை மூடப்போகிறார்கள் என்பது ஊருக்குக் கோடையிலேயே தெரியும். ஆனாலும் அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை காலையில் ஆர்டிஸ், ஊரார் டெலிபோனில் பழைய சாமான்களை விற்று வாங்கும் தன் 'கொடுக்கல் வாங்கல்' நிகழ்ச்சியை, திங்கட்கிழமையும் இருக்கப்போவது போலத்தான் நடத்திக்கொண்டிருந்தாள்.

"சரி மெல்வின், அந்த வாஷிங் மெஷின் ஓடுதா, ஓடலையா?"

"நல்லா ஓடும். கொஞ்சம் நடக்கவும் செய்யும். சமையல்கட்டுல வெச்சா சாயங்காலத்துக்குள்ள கூடத்துக்கு வந்துடுது."

"அப்ப ஏன் விக்கறே? துணைக்கு வெச்சுக்கோ. அடுத்தது யாருப்பா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லீலண்ட் ஹாஃப்ஸ்டட் சந்தை விலைகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கழுத்தில் டை. வானொலியில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஆர்டிஸ் ஆயிரம் தடவை கேட்டாயிற்று. அவருடைய அப்பா ஆர்வில் டை கட்டாமல் மைக் முன்னால் உட்கார்ந்ததில்லை. அதனால் இவரும் உட்கார்ந்ததில்லை.

ஊருக்கு வெளியே சோளக்காட்டின் நடுவில் ஒலிபரப்புக் கோபுரத்தை நிறுத்தி நிலையத்தைத் தொடங்கியவர் ஆர்வில். சூரியன் இருக்கும்வரைதான் ஒலிபரப்ப உரிமம். அந்தி சாய்ந்ததும் மூடிவிட வேண்டும். அதற்குள் நெப்ராஸ்கா மாநிலத்தின் அந்த மூலைக்கு வேண்டியதெல்லாம் அதில் வந்துவிடும்: பன்றி விலை, பள்ளிக்கூட விடுமுறை, ஞாயிறு பிரசங்கம், வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடக் கால்பந்து. எல்லாவற்றுக்கும் மேலாக, நண்பகலில் சந்தை விலை முடிந்ததும் மரண அறிவிப்பு. அதற்குக் காசு வாங்குவதில்லை. குடும்பம் எழுதிக் கொடுத்ததை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் படிப்பார்கள். அந்த நேரத்தில் டிராக்டரை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றியவர்கள் உண்டு. ஒருவர் செத்துப்போனதாக டாக்டர் சொன்னால் பாதி, ஹாஃப்ஸ்டட் படித்தால்தான் முழுசு என்று ஊரில் கேலியாகச் சொல்வார்கள்.

இப்போது புதுக் கார்களின் ரேடியோவில் இந்த நிலையம் ஒலிக்கும் மத்திய அலையே வருவதில்லை. விளம்பரங்கள் எப்போதோ போய்விட்டன. பழைய டிரான்ஸ்மிட்டருக்கு உதிரி பாகம் செய்கிறவர்களும் இல்லை. நிலத்தைத் தானியக் கூட்டுறவுச் சங்கம் வாங்கிக்கொண்டது. லீலண்ட் யாரிடமும் போய்ப் புலம்பவில்லை. கையெழுத்துப் போட்டார், பேனாவை மூடினார், வீட்டுக்குப் போனார்.

பதினொன்றரை மணி இருக்கும். ஈமச்சடங்கு நிலையம் நடத்தும் டுவேன் உள்ளே வந்தார். வழக்கமாகக் கதவிலிருந்தே குரல் கொடுக்கிறவர், அன்று தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"லீலண்ட், இன்னிக்கு ஒண்ணுதான். நீங்க மொதல்ல உக்காந்து பாத்துடுங்க."

"நின்னுக்கிட்டே எனக்குப் படிக்கத் தெரியும்."

வாங்கிப் பார்த்தார். வெண்டல் ஹாஃப்ஸ்டட். ஒமாஹாவில் புதன்கிழமை காலமானார்.

லீலண்டின் தம்பி அவர்.

"மூணு மாசமா ஆஸ்பத்திரில இருந்தாராம்," என்றார் டுவேன். "அறிவிப்ப அவரே எழுதி வெச்சிருக்கார். இங்கதான் அடக்கம் பண்ணணும், ஹாஃப்ஸ்டட் நிலையத்துல நீங்கதான் படிக்கணும்னு சொல்லியிருக்கார். அவங்க சம்சாரம் ஜோவான் நேத்தே வந்துட்டாங்க. மோட்டல்ல இருக்காங்க."

"அவனுக்கு இங்க என்ன வேலை?"

"அத நான் எப்படிச் சொல்றது? நான் பெட்டி செய்யறவன்." தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "நாளைக்குப் பத்து மணிக்கு லூத்தரன் சர்ச்சுல. அவர் எழுதி வெச்சத நீங்க மாத்த மாட்டீங்கன்னு அந்தம்மாகிட்ட சொல்லியிருக்கேன்."

"இந்த நிலையத்துல என்னிக்கு மாத்தியிருக்கோம்?" என்றார் லீலண்ட். சொன்ன பிறகுதான் கடைசி வரியைப் பார்த்தார். பின்னால் இருப்பவர்கள், அதாவது அவர் விட்டுச்செல்லும் உறவுகள்: மனைவி ஜோவான், இரண்டு மகள்கள். அப்புறம், லார்ச்ஃபோர்டில் அண்ணன் லீலண்ட்.

வெண்டலின் குரல் மாதிரி ஒரு குரல் அந்த வட்டாரத்தில் இருந்ததில்லை. அப்பாவின் நிலையத்தில் கால்பந்து ஆட்டத்தை அவன் சொன்னால், மைதானத்துக்குப் போனவர்களும் காதில் ரேடியோவை வைத்துக்கொண்டுதான் பார்ப்பார்கள். ஒரு வருஷம் பக்கத்து நகரத்து எஃப்எம் கம்பெனி அவனைக் கூப்பிட்டது. போய்விட்டான். அவன் குரல் எங்கேயோ ஆட்டமும் அங்கே என்று பள்ளிக்கூடமும் ஒலிபரப்பை அந்தக் கம்பெனிக்கே கொடுத்துவிட்டது. ஆட்டத்தின் பின்னால், விளம்பரம் கொடுத்துவந்த விதைக் கடைக்காரர், டயர் கடைக்காரர் எல்லோரும் போனார்கள். அன்று சாப்பாட்டு மேசையில் ஆர்வில் ஒரே வாக்கியம்தான் சொன்னார்: "அவன் பேர் இனிமே என் அலைவரிசைல வரக்கூடாது."

வரவில்லை. ஆர்வில் சாகும்போது தன் அறிவிப்பைத் தானே சொல்லி எழுத வைத்தார். பின்னால் இருப்பவர்கள் பட்டியலில் ஒரே ஒரு மகன்தான் இருந்தான். எழுதியதை எழுதியபடி லீலண்ட் படித்தார். ஒருவரை அந்தப் பட்டியலிலிருந்து விட்டுவிடுவது என்றால் என்னவென்று அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். அப்பாவின் அடக்கத்தன்று வெண்டல் சர்ச்சின் கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் இலையுதிர் காலத்து வெள்ளிக்கிழமைகளில் லீலண்ட் தன் பிக்கப் வண்டியைத் தானியக் கிடங்குக்குப் பின்னால் நிறுத்துவார். கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, எஃப்எம்மைப் போடுவார். வெண்டலின் குரல் வரும். ஆட்டம் அவருக்குப் பெரிதில்லை. இடைவேளையில் அவன் வானம் எப்படி இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்வானே, அதற்காகவே உட்கார்ந்திருப்பார். இருவரும் ஒரே அறையில் படுத்துத் தூங்கிய காலத்தில் ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் கிடந்தபடி அவன் அப்படித்தான் சொல்லுவான். சுவர்ப் பக்கம் படுத்திருந்தவர் லீலண்ட். கடைசியாக அந்தக் குரல் வந்து நாலைந்து பருவம் ஆகிவிட்டது. வேறு யாரோ ஒரு பையன் கத்துகிறான். அப்போதும் அவர் போய் நிறுத்திக்கொண்டுதான் இருந்தார்.

நண்பகல் ஆனது. ஆர்டிஸ் கடைசி நாளுக்கென்று கேக் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். லீலண்ட் டையைச் சரிசெய்துகொண்டு மைக் முன்னால் உட்கார்ந்தார்.

வானொலிக்காரன் பேசும்போது, ஒலிபரப்பாகி வானத்திலிருந்து திரும்பி வரும் தன் குரலைத்தான் ஹெட்ஃபோனில் கேட்டுக்கொள்வான். வெளியே போகிறதா இல்லையா என்று அதில்தான் தெரியும். அப்பா கற்றுக்கொடுத்த முதல் பாடம் அது. அன்று லீலண்ட் ஹெட்ஃபோனின் பொத்தானைத் திருப்பி அந்த ஒலியை நிறுத்திவிட்டார். இந்த அறிவிப்பைத் தன் குரலில் வெளியிலிருந்து கேட்க அவருக்குத் திராணி இல்லை. வெளியே போகாமல் மைக்கிலிருந்து நேராகக் காதுக்கு வரும் ஒலியை மட்டும் வைத்துக்கொண்டார்.

சோளம் படித்தார், சோயா படித்தார், பன்றி படித்தார். பிறகு வெண்டல் ஹாஃப்ஸ்டட் என்ற பெயரையும் படித்தார். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அந்தப் பெயர் எந்தத் தடங்கலும் இல்லாமல் வந்தது அவருக்கே வியப்பாக இருந்தது. பிறந்தது, படித்தது, வேலை பார்த்தது எல்லாம் வந்தது. ஜோவான் வந்தாள், மகள்கள் வந்தார்கள். தன் பெயர் வரவேண்டிய இடத்தில் நாக்கு நின்றது. அப்பா அடித்த கோட்டை அப்பாவின் மைக்கிலேயே அழிப்பதா? "அடக்கம் நாளை காலை பத்து மணிக்கு," என்று முடித்துவிட்டார்.

ஆர்டிஸ் கேக் பெட்டியோடு வேகமாக உள்ளே வந்தாள்.

"என்ன ஆச்சு லீலண்ட்? பன்னி வெலை பாதில இருக்கறப்பவே நின்னுபோச்சே. கடைல எல்லாரும் கடைசி நாள் அதுவுமா கெழவன் மண்டையப் போட்டுட்டானோன்னு என்னையப் பாக்கறாங்க."

லீலண்ட் திரும்பிப் பார்த்தார். டிரான்ஸ்மிட்டர் நின்றுவிட்டதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"பன்னி வெலையிலயா?"

"ஆமாங்கறேன். காதுல என்னத்த மாட்டிக்கிட்டு இருந்தே? நீ பாட்டுக்குச் செவுத்துக்குப் படிச்சுக்கிட்டு இருந்திருக்கே." அவள் பின்னறைக்குப் போய் டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் போட்டாள். அது முனகியது, பிறகு பிடித்துக்கொண்டது. "சூடு ஏறியிருக்கு. அவ்வளவுதான். சரி விடு. மத்தியானம் தாண்டி மரண அறிவிப்பு படிக்கறது உங்கப்பா காலத்துலேருந்து வழக்கமில்ல. வா, கேக் வெட்டலாம்."

யாரும் கேட்கவில்லை. அந்த நினைப்பு வந்ததும் லீலண்டின் நெஞ்சு லேசானது. விட்டுப்போன வரியும் இல்லை, படித்த பெயரும் இல்லை. அப்பாவின் வார்த்தை அப்படியே நிற்கிறது. இன்னும் சில மணி நேரம் போனால் கேள்வி கேட்க நிலையமே இருக்காது.

கேக் வெட்டிவிட்டு ஆர்டிஸ் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த மத்தியானம் முழுக்க அவர் அந்த நிம்மதியிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு அதுவே அவரைக் குத்த ஆரம்பித்தது. அப்பா தப்பாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னதை ஊர் முழுக்கக் கேட்கத்தான் சொன்னார். தன் வாயிலிருந்து வந்தது யார் காதிலும் விழவில்லை என்று மகிழ்ந்த ஹாஃப்ஸ்டட் அந்த நாற்காலியில் இதுவரை உட்கார்ந்ததில்லை. டுவேனிடம் என்னிக்கு மாத்தியிருக்கோம் என்று கேட்டவரும், ஒரு வரியை விழுங்கிவிட்டுத் தப்பித்தோம் என்று உட்கார்ந்திருக்கிறவரும் ஒரே ஆள்தானா? மோட்டலில் ஒரு பெண் நண்பகலில் ரேடியோவைப் போட்டுக்கொண்டு காத்திருந்திருப்பாள். அவளுக்கு வெறும் இரைச்சல்தான் கிடைத்திருக்கும்.

"ஆர்டிஸ், பாட்ட நிறுத்து."

"எதுக்கு?"

"மரண அறிவிப்பு இருக்கு."

"மணி மூணாகப் போகுது, பெரியவரே."

"தெரியும்."

அவள் பாட்டைக் குறைத்தாள். லீலண்ட் பொத்தானைத் திருப்பினார். வெளியே போய்த் திரும்பி வரும் ஒலி காதில் கரகரத்தது. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஆரம்பித்தார். பெயரைச் சொன்னதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆர்டிஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"முன்னரே மறைந்தவர்கள், பெற்றோர் ஆர்வில், கெர்டா. பின்னால் இருப்பவர்கள், மனைவி ஜோவான், மகள்கள் இன்கிரிட், கேரன்." காதில் விழுந்த குரல் தன்னுடையது போலவும் இல்லை, அப்பாவுடையது போலவும் இல்லை. "லார்ச்ஃபோர்டில் அண்ணன் லீலண்ட்."

எழுதியிருந்தது அவ்வளவுதான். அடக்கம் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் சொல்லிவிட்டு மைக்கை மூடினார். ஜன்னலுக்கு வெளியே கோபுரத்தின் நிழல் அறுத்த சோளத் தட்டைகள் மேல் நீண்டு விழத் தொடங்கியிருந்தது.

டெலிபோன் அடித்தது. ஆர்டிஸ் எடுத்தாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பேசும் முனையைக் கையால் மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"ஜோவான். மோட்டல்லேருந்து பேசறாங்க. நாளைக்கு சர்ச்சுல குடும்பத்துக்குன்னு முன்வரிசை ஒதுக்கியிருக்காங்களாம். எத்தனை எடம் விடணும்னு கேக்கறாங்க."

லீலண்ட் எழுந்து அவளிடமிருந்து டெலிபோனை வாங்கிக்கொண்டார்.